கோமதிநாயகத்தின் வானிலை

எந்த மேகம் வந்தாலும் காற்று அதன் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் அடுத்த தாலுகாவில்தான் இறக்கிவிடும் என்பதால் மேகமறிச்சான் என்று பெயர் வாங்கிய ஊரில், காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றுவதும் பெண்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்பதும் தவிர வேறு பெரிய நடமாட்டம் இல்லாத அந்த ஊரில், ஆவுடைச்செல்வி என்று ஒருத்தி இருந்தாள். பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய தொண்டைக்குள் போய்விட்டு வராத ஆள் ஊரில் கிடையாது. வேதியியல் டீச்சர் குரலில் வகுப்பைக் கலைத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். மினிபஸ் கண்டக்டர் குரலில் ‘போலாம் ரைட்’ கொடுத்து, கண்டக்டர் ஏறுவதற்கு முன்னாலேயே பஸ்ஸைக் கிளப்பிவிட்டிருக்கிறாள். கறிக்கடை சுடலைமணியின் சிரிப்பை அவர் வீட்டு வாசலிலேயே நின்று சிரித்து, அவர் சம்சாரம் சோற்றைப் போட்டு எடுத்துவைத்துவிட்டு வெளியே வந்து பார்க்கும்படி செய்திருக்கிறாள். அடி விழும்போதுகூட அம்மா மாரித்தங்கத்தின் குரலில்தான் அழுவாள். தன் குரலிலேயே ஒரு பிள்ளை அழுவதைக் கேட்ட பிறகு மாரித்தங்கத்துக்கு இரண்டாவது அடி ஓங்க மனசு வராது.

அப்படிப்பட்டவள் இருக்கிற வீட்டில்தான் அவளுடைய சித்தப்பா சங்கரநயினார், குஜராத்துக்குக் காற்றாலை வேலைக்குப் போனபோது, மச்சு அறையில் தன்னுடைய ஹாம் ரேடியோ செட்டைப் பூட்டாமல் விட்டுவிட்டுப் போனார்.

ஹாம் ரேடியோ என்பது, பரீட்சை எழுதி அரசாங்கத்திடம் உரிமம் வாங்கியவர்கள், வீட்டில் ஒரு செட்டும் மொட்டைமாடியில் ஒரு கம்பியும் வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கிற இன்னொரு செட்டுக்காரரோடு பேசிக்கொள்வது. பேச அவர்களிடம் விஷயம் அதிகம் இருக்காது, ஆனால் பேசும் முறை நிறைய இருக்கும். முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும், யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஓய்கிறவரை பொறுக்க வேண்டும், தன் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும், முடித்ததும் ‘ஓவர்’ என்று அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். மேகமறிச்சானிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த செட்டுக்காரர்கள் தினமும் காலையில், பல் தேய்த்த கையோடு, ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘நெட்’ என்று பெயர். நடத்துகிறவர் வடிவண்ணாச்சி, டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருக்கு வலதுகை மாதிரி மாட்டு டாக்டர் ஜெபசிங். இவர்களுக்குள் ஒரு விதி உண்டு, எல்லா விதிக்கும் மேலான விதி: எவனாவது வேண்டுமென்றே குறுக்கே விழுந்து கலாட்டா செய்தால் அவனுக்குப் பதில் பேசக்கூடாது. அப்படி ஒருத்தன் இல்லாத மாதிரியே நடந்துகொள்ள வேண்டும். பதில் கிடைக்காதவன் தானாகக் காணாமல்போய்விடுவான்.

ஆவுடை சித்தப்பாவின் செட்டைத் திருகி நாலு நாள் இதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு முறையோடு ஒரு கூட்டம் நடப்பதை நாம் சும்மா விடுவது முறையா என்று யோசித்தாள்.

மறுநாள் காலை ஜெபசிங் டாக்டர் ஒரு பசுவின் பிரசவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் அடித்தது. அடுத்த நாள் வடிவண்ணாச்சி ‘ஓவர்’ சொன்ன கையோடு ஒரு நீண்ட ஏப்பம் வந்தது. பிறகு ஒரு ஆம்பிளைக் குரல் வர ஆரம்பித்தது, கண்டக்டரின் அவசரமும் சுடலைமணியின் சிரிப்பும் வேதியியல் டீச்சரின் அதிகாரமும் வடிவண்ணாச்சியின் செருமலும் கலந்த ஒரு குரல், யார் பேசினாலும் பாதியில் புகுந்து, “ஆமா, இவரு பெரிய இவரு,” என்றது, “அந்தப் பசு உங்களப் பாத்துத்தான் டாக்டரே பயந்து ஈனியிருக்கும்,” என்றது. நெட்டில் இருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படி ஒருத்தன் இல்லாத மாதிரியே பேசினார்கள். ஆவுடை மச்சு அறையில் தலையணையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒருநாள் வடிவண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

“யாருய்யா நீ?” என்று கேட்டுவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எக்சேஞ்சில் காலம் தள்ளிய மனுஷருக்கு, ஒரு தொடர்பைத் திறந்துவிட்டால் முறைப்படி முடிக்காமல் மூடத் தெரியாது. ஒரு புது ஹாமிடம் என்னென்ன கேட்க வேண்டுமோ அதெல்லாம் வரிசையாக அவர் வாயிலிருந்து தன்பாட்டுக்கு வந்தது.

“பேரு?”

“கோமதிநாயகம்.”

“ஊரு?”

“ஒங்க ஊருதான் அண்ணாச்சி.”

“என்ன செட்டு?”

“சொந்தமாச் செஞ்சது.”

“ஆன்டெனா?”

“தென்னமரம் ஒசரம் நிக்கி.”

“அங்க வானிலை எப்படி?” என்று அண்ணாச்சி கோபத்தில் நடுங்கிக்கொண்டே கேட்டார், ஏனென்றால் வானிலை கேட்காமல் அவர் இதுவரை யாரையும் அனுப்பியதில்லை.

ஆவுடை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. மழையின் வாசனை எப்படி இருக்கும் என்று சின்னப் பிள்ளைகள் கேட்டால் பெரியவர்களே யோசிக்கிற காலம் அது. அதனால் அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

“சிணுசிணுன்னு தூறிக்கிட்டே இருக்கு அண்ணாச்சி. நிக்கவே மாட்டேங்கு.”

மறுநாள் மினிபஸ்ஸின் கூரையிலிருந்து கோமதிநாயகம் இறங்கினார். நடுத்தர வயசு, மடித்துக் கட்டிய வேட்டி, கக்கத்தில் வயர்கள் தொங்கும் ஒரு தகரப்பெட்டி, தோளில் தென்னைமர உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய். அவரைச் சுற்றி, நாலு கயிற்றுக்கட்டில் போடுகிற அளவு இடத்தில், தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் நடந்தால் அதுவும் நடந்தது, அவர் நின்றால் அதுவும் நின்று பெய்தது.

“சீட்டெல்லாம் நனையுதுன்னு மேல ஏத்திவிட்டேன்,” என்று கண்டக்டர் டீக்கடையில் சொன்னான். “டிக்கெட்டு கேட்டா, என் குரல்லயே என்கிட்ட சில்லறை இல்லைங்காரு.”

டீக்கடையில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஊர் எது என்று கேட்டதற்கு இந்த ஊர்தான் என்று அவரே ரேடியோவில் சொல்லியாகிவிட்டது, வடிவண்ணாச்சியும் அதைக் கேட்டுக்கொண்டார், பிறகு அவர் வராமல் இருந்திருந்தால்தான் பேச்சு. எங்கே தங்கவைப்பது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. எந்த வீட்டுக்குள் போனாலும் உள்ளேயும் தூறியது, குடை பிடித்தால் குடைக்குக் கீழேயும் தூறியது. கடைசியில் பஞ்சாயத்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டார்கள். அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கட்டிலைச் சுற்றிக் குடங்கள் வந்து உட்கார்ந்தன.

ஊர் அவருக்குச் சீக்கிரம் பழகிக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவி சுயம்புக்கனி அவரை வார்டு வாரியாகப் பிரித்துக்கொடுத்தாள். ஒரு நாள் அவரைக் கத்தரித் தோட்டத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி அடுத்த பாத்திக்கு நகர்த்தினார்கள். ஒரு நாள் கோயில் தெப்பக்குளத்துப் படியில் உட்காரவைத்து அர்ச்சனைத் தட்டில் இருந்த பழத்தைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அவரடியில் நின்று எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். தண்ணி இல்லாத ஊர் என்று பெண் கொடுக்க மறுத்துவந்த வெளியூர்க்காரர்கள், வந்து அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டு, சம்மதம் சொல்லிப்போனார்கள். ஹாம்கள் ஒருத்தர் சிக்னலை ஒருத்தர் அளந்து சொல்வது வழக்கம், ஐந்துக்கு ஒன்பது என்றால் அதற்கு மேல் கிடையாது. இப்போது ஊர் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. “இன்னைக்கு எப்படி இருக்காரு?” என்று குடத்தோடு போகிறவள் கேட்பாள். “அஞ்சுக்கு ஒம்பது மைனி, சட்டுனு போங்க,” என்று குடத்தோடு வருகிறவள் சொல்வாள்.

அவருடைய குணத்தையும் ஊர் பொறுத்துக்கொண்டது. யார் பேசினாலும் பாதியில் விழுவார். நிச்சயதார்த்தத்தில் பத்திரிகை வாசிக்கும்போது வாசலில் இருந்து குக்கர் விசில் அடித்தார். சாவு வீட்டில் ஒப்பாரி உச்சத்தில் இருக்கும்போது ஏப்பம் விட்டார். யாராவது முறைத்தால் அவர்கள் குரலிலேயே அவர்களைத் திட்டினார், திட்டு வாங்கியவர்கள் சொந்தக்காரர் திட்டிய மாதிரி பேசாமல் போய்விட்டார்கள். மழை வேணும்னா இடியையும் கேக்கணும்லா என்று சுயம்புக்கனி சமாதானம் சொன்னாள். சமாதானம் ஆகாதவள் மாரித்தங்கம் ஒருத்திதான். அவளுக்கு அப்பளம் போட்டு விற்கிற தொழில். மாடியில் காயப்போட்ட அப்பளத்துக்கு நேர் கீழே தெருவில் அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள், தூறல் சுவர் ஏறி மாடியையும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும், அப்பளம் மறுபடியும் மாவாகிவிடும்.

“எந்தக் கட்டையில போறவன் இந்த ஆளக் கூப்பிட்டுவிட்டானோ,” என்பாள்.

ஆவுடை அப்பளத்தைத் திருப்பிப் போடுவாள். ஊர் முழுக்கத் தன்னுடைய விளையாட்டைக் குடத்தில் பிடித்துக் குடிப்பதைப் பார்க்க அவளுக்கு அந்தக் கோடை முழுவதும் ஆனந்தமாக இருந்தது.

பிறகு கோமதிநாயகம் இரும ஆரம்பித்தார்.

ஊரில் மனுஷ டாக்டர் கிடையாது. ஜெபசிங் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போய், மாட்டுக்கு வைக்கிற குழாயை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலைவியிடம் வந்தார்.

“நெஞ்சு பூரா நீரு கட்டியிருக்கு. மாடுன்னா காஞ்ச தொழுவத்துல வச்சு வைக்கோல் போடச் சொல்லுவேன். இவரு காயணும் தலைவரம்மா. காயலேன்னா இந்த ஆடிக்குள்ள போயிருவாரு.”

“காஞ்சா தூறல் நின்னுருமா?”

“தூறல் நின்னாத்தான் காயவே முடியும்.”

சுயம்புக்கனி வேப்பமரத்தடியைப் பார்த்தாள். கட்டிலைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன, வரிசை தெருமுனை திரும்பிப் போயிற்று.

“ஆடிக்கு இன்னும் நாள் கெடக்கு,” என்றாள்.

மறுநாள் நாற்காலி சுமப்பவர்களை ஆவுடை வீட்டு முன்னால் நிறுத்தச் சொல்லி, கோமதிநாயகம் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். “ஏட்டி.”

அவள் எட்டிப்பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். சுமப்பவர்கள் பீடி பற்றவைக்கத் தூறலுக்கு வெளியே போயிருந்தார்கள். கிட்டத்தில் பார்க்க அவருடைய விரல்களெல்லாம் ஊறவைத்த பயறு மாதிரிச் சுருங்கியிருந்தன.

“வாயில என்னென்னமோ வருது ஒனக்கு. அன்னைக்கு வெயிலுன்னு ஒரு வார்த்த வந்திருக்கக் கூடாதா?”

“பெரியப்பா, நான் வெளையாட்டுக்கு—”

“எனக்கு வெளையாட்டு இல்லையே.”

“இப்ப என்ன பண்ணணும்னு—”

“மாத்திச் சொல்லு. நீ சொல்லித்தான வந்தேன், நீ சொன்னாத்தான் காய முடியும்.”

தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஆவுடைக்கு யாருடைய குரலில் பேசுவது என்று தெரியவில்லை. பிறகு அவர் கேட்டது ஒன்றுதான் என்பது நினைவுக்கு வந்து மச்சுக்கு ஓடினாள்.

நெட்டில் புகுந்து கோமதிநாயகத்தின் குரலில், “இங்க நல்ல வெயில்,” என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கேட்காமல் தானாகச் சொன்ன வானிலை செல்லாது போலிருக்கிறது. நெட் முடியட்டும் என்று காத்திருந்து, வடிவண்ணாச்சியின் குரலில், “அங்க வானிலை எப்படி?” என்று தானே கேட்டு, கோமதிநாயகத்தின் குரலில் தானே பதில் சொன்னாள். தெருவில் தூறல் ஒரு நொடி தயங்கியது, பிறகு விட்ட இடத்திலிருந்து விழுந்தது. தன்னோடு தானே பேசிக்கொண்டால் அது தொடர்பில் சேர்த்தி இல்லை. வேறொருவர் கேட்க வேண்டும், உரிமம் உள்ளவர் கேட்க வேண்டும், முறைப்படி கேட்க வேண்டும்.

வடிவண்ணாச்சி வீட்டுக்கே போனாள். நடந்ததைச் சொன்னாள், குக்கர் விசிலில் இருந்து எல்லாவற்றையும். அண்ணாச்சி காதை மட்டும் கொடுத்தார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். அவர் கொல்லையில் தூறல் தண்ணீரில் வாழை குலை தள்ளியிருந்தது.

“ஒரு தடவ, ‘வானிலை எப்படி’ன்னு கேளுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“நெட்டுல ‘நல்ல வெயில்’னு வந்தது தலைவரம்மா காதுக்குப் போயிருச்சு. கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நெட்டுல இனிமே யாரும் யாருகிட்டயும் வானிலை கேக்கப்படாதுன்னு முடிவு.”

“அவரு செத்துப்போவாரு.”

“எனக்கு மட்டும் தெரியாதாட்டி?” என்றார் அண்ணாச்சி. அன்று முதல் வானிலை கேட்காமலே நெட்டை முடித்தார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார் என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

இருமல் அடுத்த தெருவரைக்கும் கேட்க ஆரம்பித்த ஒரு காலையில், வார்டு மாற்றுகிற நேரம் பார்த்து, ஆவுடை அவரை வீட்டு மாடிக்குக் கூட்டிப்போனாள். மாரித்தங்கமே ஒரு கக்கத்தைத் தாங்கி ஏற்றிவிட்டாள்; அவளுக்கு அவர்மேல் இரக்கமோ இல்லையோ, அப்பளம் காய வேண்டியிருந்தது. செட் மச்சு அறைக்குள் நனையாமல் இருக்க, மைக்கை மட்டும் பாலிதீன் பையில் சுற்றி ஜன்னல் வழியாக மாடிக்குக் கொடுத்தார்கள்.

“இந்த ஊரு ஆள் ஒருத்தரும் வானிலை கேக்க மாட்டாங்க பெரியப்பா. நான் சொல்லிச் செல்லல, ஒங்க வானிலைய இனி நீங்கதான் சொல்லணும். தூரத்துல இருக்கவங்களக் கூப்பிடுங்க. முறையாக் கூப்பிடுங்க. அவங்க பேசும்போது இந்த பட்டன அமுக்கக் கூடாது. அமுக்குனா அவங்க சொல்லது நமக்குக் கேக்காது.”

“குறுக்க விழாம இருக்கணும்கே.”

“ஆமா.”

“நீ என்னைய அப்படிச் செஞ்சுவைக்கலையே ஏட்டி,” என்றார் அவர், குறை சொல்கிற மாதிரி இல்லாமல், உயரம் போதாத ஆள் பரணைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

அவர் கூப்பிட்டார். பொதுவான அழைப்பு, யார் கேட்டாலும் பதில் தரலாம் என்கிற அழைப்பு. ஊர்க்காரர்கள் எல்லாருடைய குரலும் கொஞ்சம் கொஞ்சம் அதில் இருந்தது. வெகுநேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு இரைச்சலுக்கு அடியில் இருந்து, கடலைத் தாண்டி, அவசரமே இல்லாத ஒரு குரல் எழும்பியது.

“வணக்கம் ஐயா. உங்கட குரல் நல்லாக் கேக்குது. என்ர பேர் செல்லத்துரை, பருத்தித்துறையில இருந்து கதைக்கிறன்…”

அவ்வளவுதான் கேட்டது. அதற்குள் அலைவரிசையில் ஒரு விசில் விழுந்தது. விசிலோடு ஒரு டப்பா தட்டுகிற சத்தம். அதற்கு மேல் யாரோ மைக்கைக் காற்றாடி முன்னால் பிடித்த உறுமல். ஆவுடைக்குக் காது உண்டு, யார் யார் என்று உடனே தெரிந்தது. விசில் வடிவண்ணாச்சி. டப்பா ஜெபசிங் டாக்டர். காற்றாடி அடுத்த ஊர் செட்டுக்காரர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பேச்சு ஓயட்டும் என்று காத்திருந்தவர்கள், அவரைக் காணோம் என்று வந்த தலைவி வடிவண்ணாச்சியின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, தங்களால் முடிந்த அளவு அசிங்கமாகக் குறுக்கே விழுந்துகொண்டிருந்தார்கள். பழக்கம் இல்லாததால் சரியாகக்கூட வரவில்லை. ஆளாளுக்குப் பொத்தானை அடிக்கடி விட்டுவிட்டார்கள், அண்ணாச்சி விசிலுக்கு நடுவே மூச்சு வாங்கினார். ஆனாலும் பருத்தித்துறைக்காரர் குரல் அதற்குள் முழுகிப்போனது.

கோமதிநாயகத்துக்கு இருமல் வந்து மைக் கையிலிருந்து நழுவியது. ஆவுடை அதைப் பிடித்தாள். தொண்டையைச் செருமினாள், அந்தச் செருமலே வடிவண்ணாச்சியாக இருந்தது.

“எல்லா நிலையங்களும் கவனிக்கவும்,” என்றாள், எக்சேஞ்சில் காலம் தள்ளிய குரலில், அலுப்பும் கண்டிப்பும் சரிபாதியாக. “ஒரு தொடர்பு நடந்துக்கிட்டிருக்கு. குறுக்க இருக்கவங்க விலகி நில்லுங்க. அலைவரிசையைக் காலி பண்ணுங்க.”

டப்பா நின்றது. காற்றாடி நின்றது. எல்லாவற்றுக்கும் கடைசியாக விசிலும் நின்றது. தன் குரல் உத்தரவு போட்டால் கேட்டே பழகிய வடிவண்ணாச்சி, அது தன் வாயிலிருந்து வரவில்லை என்று யோசிப்பதற்கு முன்னாலேயே பொத்தானில் இருந்து விரலை எடுத்திருந்தார். அதன் பிறகு சுயம்புக்கனி எத்தனை தடவை தோளைத் தட்டியும் அவர் அதைத் திரும்ப அமுக்கவில்லை.

“…இஞ்ச பின்னேரம் வரைக்கும் கறண்ட் இல்லை ஐயா, பற்றரியிலதான் கதைக்கிறன்,” என்று செல்லத்துரை எதுவும் நடக்காத மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். “என்ர ஆன்டெனா பழசு. போன கிழமை குரங்கு ஒண்டு பிடிச்சு ஆட்டிப்போட்டுது…”

கோமதிநாயகத்தின் கட்டைவிரல் பொத்தானை நோக்கிப் போனது. குரங்கைப் பற்றி அவரிடம் சொல்ல ஒன்று தயாராக இருந்தது, அவர் உடம்பு முழுவதும் அதைச் சொல்வதற்காகவே செய்யப்பட்டிருந்தது. ஆவுடை அவர் விரலைப் பிடித்தாள். ஈர விரல், வழுக்கியது. அவர் வேட்டி முனையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். கண்கள் பிதுங்கின. செல்லத்துரை தன் செட்டைப் பற்றிச் சொன்னார், மகளின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார், மருமகன் நல்லவன் ஆனால் ரேடியோவில் நாட்டமில்லை என்றார். தூறல் விழுந்துகொண்டே இருந்தது.

“சரி ஐயா. உங்கட பேர் என்ன, எந்த ஊர்? அங்க வெய்யிலோ மழையோ, எப்பிடிக் கிடக்கு? ஓவர்.”

அந்த ‘ஓவர்’ முழுதாக முடிகிறவரை கோமதிநாயகம் பொறுத்தார். அது முடிந்த பிறகும் கொஞ்சம் பொறுத்தார், யாராவது இன்னும் பேச வேண்டியிருக்குமோ என்று பார்க்கிற மாதிரி. பிறகு வேட்டி முனையை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

“பேரு கோமதிநாயகம். ஊரு மேகமறிச்சான். இங்க நல்ல வெயில் ஐயா. மழையே கெடையாது. ஓவர்.”

தூறல் கால் பக்கத்திலிருந்து மேலே ஏறிப் போய் நின்றது. வெயில் அவர்மேல் நேராக விழுந்தது, வேட்டியிலிருந்தும் தலைமயிரிலிருந்தும் ஆவி எழும்பியது, காற்று அதை அடுத்த தாலுகாவுக்குத் தள்ளிக்கொண்டுபோனது. “நல்லது ஐயா,” என்றார் செல்லத்துரை. “இஞ்ச இப்பதான் ரெண்டு துளி விழுது.”

கீழே மாரித்தங்கம் கூடத்தில் பாயை விரித்தாள். “கீழ வாங்க. வந்து உள்ள இருங்க. சோறு வைக்கேன்,” என்றாள். கோமதிநாயகம் வாசல்படியில் நின்று மேலே கூரையைப் பார்த்தார், உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார், பிறகு நுழைந்தார். சோறு வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார்.

ஊர் குடத்தோடு வந்து சேர்ந்தது. முன்னால் சுயம்புக்கனி, பக்கத்தில் ஜெபசிங், கொஞ்சம் பின்தங்கி வடிவண்ணாச்சி. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“எழுப்புட்டி அவர,” என்றாள் சுயம்புக்கனி. “கேக்க வேண்டியத மூஞ்சியப் பாத்துக் கேட்டுட்டுப் போறேன். நாளைக்கு லாரிக்காரன் கால்ல போயி யாரு விழுவா?”

கூடத்திலிருந்து குறட்டை வந்தது. நீளமாக இழுத்து, மேலே ஏறி, அங்கே கொஞ்சம் தங்கி, பிறகு மூன்று சின்னப் படிகளாக இறங்கியது. ஜெபசிங் டாக்டர் பழக்கதோஷத்தில் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று காதைச் சாய்த்தார். வடிவண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தலைவியின் முன்னால் கையை லேசாக உயர்த்தினார்.

“அவரு பேசிக்கிட்டிருக்காருல்லா தலைவரம்மா,” என்றார். “முடியட்டும்.”

சுயம்புக்கனி அவரை முறைத்தாள். பிறகு குடத்தை இறக்கிவைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். மற்றவர்களும் இறக்கிவைத்தார்கள். முதுகில் வெயில் சுட்டது, யாரும் போகவில்லை, யாரும் பேசவும் இல்லை.

ஆவுடை நிலைப்படியில் சாய்ந்து குறட்டையைக் கேட்டாள். கண்டக்டரிடம் இருந்து எடுத்ததல்ல அது, சுடலைமணியிடம் இருந்தும் இல்லை, டீச்சர், அண்ணாச்சி, அம்மா, யாரிடமும் இல்லை. அவள் அவருக்குக் கொடுக்காத சத்தம் அது ஒன்றுதான். மேலே ஏறித் தங்குகிற இடம்தான் கஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியது. உதட்டைக் குவித்து, மூச்சை மூக்குக்குப் பின்னால் நிறுத்தி, சத்தம் வெளியே வராமல், அதை ஒருமுறை பழகிப் பார்த்தாள். வரவில்லை. அடுத்த குறட்டைக்குக் காத்திருந்தாள்.